“ஃபுட்! ஃபுட்!” என்று கத்தும் பெற்றோர்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளின் ஹாக்கி பற்றிக் கேள்வி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். மட்டை என்ன விலை, எந்த கிளப்பில் சேர்க்கலாம் என்று வரும் என நினைத்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை திடலோரத்தில் நின்று “ஃபுட்!” (பந்து காலில் பட்டுவிட்டது) என்றும் வேறு விதமாகவும் கத்தும் பெரியவர்களைப் பற்றித்தான். பள்ளி அணிகளோடு பல ஆண்டுகள் இருந்தவன், விசில் பிடித்து நின்றவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை. இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கேள்வி: என் மகள் உயர்நிலை 1. பள்ளி ஹாக்கி அணியில் சி பிரிவில் ஆடுகிறாள். அவள் அப்பா எல்லா ஆட்டத்துக்கும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார், பாசத்தில்தான். ஆனால் தொடக்கத்திலிருந்து முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பார். போன வாரம் மகள் என்னிடம் “அம்மா, அப்பாவை வரவேண்டாம்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?
– சு. ம., பொங்கோல்

பதில்: சகோதரி, மகள் உங்களிடம் வாய்விட்டுச் சொன்னாளே, அதுவே நல்ல காலம். நிறையப் பிள்ளைகள் சொல்வதில்லை. திடீரென்று ஒரு நாள் “ஹாக்கி போரடிக்குது, சிசிஏ (பள்ளி இணைப்பாட நடவடிக்கை) மாத்திக்கிறேன்” என்பார்கள், நாமும் வயசு அப்படி, ஆர்வம் போய்விட்டது என்று விட்டுவிடுவோம்.

அடுத்த ஆட்டத்தில் கொஞ்ச நேரம் பந்தைப் பார்க்காமல் மகளையே பாருங்கள். ஹாக்கியில் பந்தும் தரையில், மட்டையும் தரையில், அதனால் பழகுகிற பிள்ளைகளின் கண்ணும் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். பந்து வருவதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவரத்தான் பயிற்றுநர்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அப்பா கத்துகிற பிள்ளையும் தலையை நிமிர்த்தும், ஆனால் அது பார்ப்பது அப்பாவை. அந்த அரை நொடியில் எதிரணிப் பெண் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள், அப்பா இன்னும் சத்தமாகக் கத்துவார், அடுத்த முறை இவள் இன்னும் சீக்கிரமாக அவர் பக்கம் திரும்புவாள். இதோடு பயிற்றுநர் ஒரு பக்கம் நின்று “வலது பக்கம் கொடு” என்பார், அப்பா இன்னொரு பக்கம் நின்று “நீயே கொண்டு போ” என்பார். யார் பேச்சைக் கேட்டாலும் மற்றவரிடம் திட்டு வாங்கவேண்டிய நிலையில் 13 வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

சரி, எப்படிச் சொல்வது. ஆட்டத்தன்று வேண்டாம், மகள் முன்னால் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் போகட்டும், சாப்பாடு முடிந்து நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது பேசுங்கள். அதற்கு முன்னால், “நீ சொன்னதை அப்பாகிட்ட அப்படியே சொல்லட்டுமா?” என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் சொன்னால் அடுத்த முறை உங்களிடமும் சொல்லமாட்டாள். “உங்களால மானம் போகுது” என்று ஆரம்பித்தால் பேச்சு மானத்தைப் பற்றியே போய் நின்றுவிடும். மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவர் கோபப்படலாம், “அவளுக்காகத்தானே பண்றேன்” என்று சொல்லலாம். சொல்லட்டும். அது உண்மையும்கூட.

அப்புறம் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா நின்றால் வாய் சும்மா இருக்காது. ஒரு கால்பகுதியைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லலாம், இரவு வீட்டில் போட்டுப் பார்க்கும்போது தம்முடைய குரல் மட்டும் எவ்வளவு தூக்கலாகக் கேட்கிறது என்பது நாம் சொல்லாமலே தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, அணி எத்தனை முறை எதிரணியின் வட்டத்துக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டப் பகுதி) நுழைந்தது, எத்தனை பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்காக, கோல்கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளித் தொடங்கும் கோல் வாய்ப்பு) கிடைத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். பயிற்றுநருக்கும் அது உதவும். ஆட்டம் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது எந்த அலசலும் வேண்டாம், மகளே பேச்செடுத்தால் பேசட்டும். இதற்கும் அவர் மசியாவிட்டால், சிசிஏ ஆசிரியரிடம் தனியாகச் சொல்லி அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் செய்யுங்கள். மனைவி சொல்லிக் கேட்காதவர்கள் டீச்சர் சொல்லிக் கேட்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் கத்துகிற ரகம்தான், மறைக்கவில்லை. பந்து எதிரணிப் பையன் காலில் படுகிறது, சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரிகிறது, நடுவர் மட்டும் விசில் ஊதுவதில்லை. பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். அநியாயம் நடந்தால் தட்டிக்கேட்கக் கூடாதா?
– ரா. கு., உட்லண்ட்ஸ்

பதில்: நீங்கள் நேராகக் கேட்டதால் நானும் நேராகவே சொல்கிறேன். பெரும்பாலும் அங்கே அநியாயம் எதுவும் நடந்திருக்காது. பந்து காலில் பட்டாலே தவறு என்று நினைத்துத்தான் திடலோரத்தில் பாதிப் பேர் “ஃபுட்! ஃபுட்!” என்று கத்துகிறார்கள். அனைத்துலக ஹாக்கிச் சம்மேளனத்தின் விதி அப்படிச் சொல்லவில்லை. காலிலோ கையிலோ உடம்பிலோ பந்து படுவது எப்போதுமே குற்றமாகாது. பட்டதால் அந்த ஆட்டக்காரருக்கு ஆதாயம் கிடைத்திருக்கவேண்டும், அல்லது உடம்பால் பந்தைத் தடுக்கவேண்டும் என்றே அவர் அங்கே நின்றிருக்கவேண்டும். அது மட்டுமில்லை, உண்மையிலேயே தவறு நடந்து, பந்து உங்கள் மகனின் அணியிடமே வந்து அவர்கள் முன்னேறிக்கொண்டிருந்தால், விசில் ஊதாமல் இருப்பதுதான் நடுவரின் கடமை. ஊதினால் தவறு செய்த அணிக்குத்தான் லாபம், நின்று திரும்பித் தற்காத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடும். நடுவர் கையை நீட்டி ஆட்டம் தொடரட்டும் என்று காட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். அவர் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்.

பந்து மேலே எழும்பினாலே ஆபத்து என்று கத்துவதும் இதே போலத்தான். 5 மீட்டருக்குள் நிற்கும் எதிரணி ஆட்டக்காரரை நோக்கிப் பந்தைத் தூக்கிவிட்டால் அதை ஆபத்தாகக் கருதுவார்கள். பெனால்டி கார்னரில் முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் கோல்கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். ஆனால் அதே பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி எறிந்தால் அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி வருவதாக உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஒன்றுக்கு விசில், இன்னொன்றுக்கு கோல்.

திடல் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு பாதியாகப் பார்க்கிறார்கள். எதிர்க்கோடியில் நடப்பதை நீங்கள் வேலிக்குப் பின்னாலிருந்து பார்க்கிறீர்கள், அவர் பத்துப் பதினைந்து மீட்டரில் நின்று பார்க்கிறார். அவரும் தவறு செய்வார், மனிதர்தானே. அனைத்துலகப் போட்டிகளில் காணொளி பார்த்து மறுபரிசீலனை செய்ய வசதி இருக்கிறது, பள்ளி ஆட்டத்தில் அது இல்லை. அதனால் அங்கே நடுவர் சொன்னதுதான் முடிவு, அதை ஏற்றுக்கொண்டு அடுத்த பந்துக்குப் போகவும் உங்கள் மகன் பழகவேண்டும். நீங்கள் வேலியோரம் நின்று மறுத்துக்கொண்டே இருந்தால் அவன் எப்போது பழகுவது?

கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். களத்தில் அணித் தலைவர் நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். உங்களுக்குக் குறை இருந்தால் ஒரு நாள் முழுக்க விட்டு, ஆறிய பிறகு ஆசிரியருக்கு எழுதுங்கள். வட அமெரிக்காவில் பல சிறுவர் விளையாட்டுச் சங்கங்கள் இந்த 24 மணி நேர இடைவெளியை எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கின்றன. அடுத்த நாளும் எழுதவேண்டும் என்று தோன்றுகிற குறை எழுதவேண்டிய குறைதான்.

கேள்வி: எனக்கு 18 வயது. கிளப் ஜூனியர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். சென்ற மாதம் ஓர் ஆட்டம் முடிந்ததும் ஒரு அங்கிள் பின்னாலேயே வந்து, “அந்த டீமிடம் எவ்வளவு வாங்கினே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். இனிமேல் போகவே மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: தம்பி, நீ வாய் திறக்காமல் போனது சரியான காரியம். ஆனால் ஒரு பெரிய மனிதர் உன்னை அப்படிக் கேட்டபோது, சுற்றி நின்ற மற்ற பெரியவர்களில் ஒருவர்கூட “அந்தப் பையனை விடுங்க” என்று சொல்லவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதுபவர்களில் நிறையப் பேர் உன்னைப் போல நேற்றுவரை ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான். நீங்கள் நின்றுவிட்டால் சனிக்கிழமை ஆட்டமே நடக்காது.

உன் சட்டைப்பையில் இருக்கும் அட்டைகள் ஆட்டக்காரர்களுக்கானவை. பச்சை என்றால் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் அந்த ஆட்டத்துக்கே முழுக்கு. பார்வையாளருக்குக் காட்ட அட்டை கிடையாது. அதனால் பார்வையாளரோடு நேராக ஒரு சொல்கூடப் பேசாதே. ஆட்டம் நடக்கும்போது வசை அளவு மீறினால் நேரத்தை நிறுத்து, சக நடுவரை அழை, இருவரும் சேர்ந்து போட்டி மேசைக்குப் போய் அங்கே பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடமோ ஆசிரியரிடமோ “அந்த நீலச் சட்டைக்காரர் அமைதியாகும்வரை ஆட்டத்தைத் தொடரமுடியாது” என்று சொல். சொல்லிவிட்டுத் திடலின் நடுவுக்குத் திரும்பிப் போய் நில். அவரைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. அமெரிக்க ஐஸ் ஹாக்கிச் சங்கம் இதைத்தான் விதியாக எழுதி வைத்திருக்கிறது: பார்வையாளரின் நடத்தை ஆட்டத்தைக் கெடுத்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், யார் என்று பயிற்றுநர்களிடம் காட்டுவார், அந்த ஆள் பார்வையிடும் பகுதியை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகுதான் ஆட்டம் தொடரும், வீணான நேரம் திரும்பக் கிடைக்காது. அந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. தன் சத்தத்தால் தன் பிள்ளைக்கே ஆட்ட நேரம் குறைகிறது என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்கும் மற்ற பெற்றோரே அவரை அடக்கிவிடுவார்கள்.

அன்று நடந்ததை இப்போதே எழுதி வை. தேதி, நேரம், எந்த ஆட்டம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவ்வளவு போதும். உன்னை நடுவராக அனுப்பியவரிடம் அதைக் கொடு. இனி ஆட்டம் முடிந்ததும் தனியாக வெளியே நடக்காதே, சக நடுவரோடு சேர்ந்தே போ, உன்னைக் கூட்டிப்போகப் பொறுப்பாளர் ஒருவர் வரவேண்டும் என்று கேள், கேட்பதில் வெட்கமில்லை. யாராவது வழிமறித்தால், மிரட்டினால், கை வைத்தால் போலிஸை 999இல் அழை. வேண்டுமென்றே மிரட்டி, வசைபாடி ஒருவருக்குத் தொல்லையும் மன உளைச்சலும் தருவது சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவேண்டாம். உனக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தால் போதும். அடுத்த சனிக்கிழமை போ, முடிந்தால் அனுபவமுள்ள ஒருவரோடு ஜோடி போடச் சொல்லிப் போ.

கேள்வி: எங்கள் கிளப்பின் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நான் தொண்டூழிய மேலாளர். இரண்டு மூன்று பெற்றோர்தான் பிரச்சினை, ஆனால் அவர்களால் எல்லாருக்கும் தலைவலி. அவர்கள் பிள்ளைகளை ஆட்டத்தில் இறக்காமல் உட்காரவைத்தால் திருந்துவார்களா?
– கோ. செ., ஜூரோங் வெஸ்ட்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். வேண்டாம். அப்பா செய்த தவறுக்கு மகனை பெஞ்சில் உட்காரவைத்தால், ஏற்கனவே கூனிக்குறுகி நிற்கிற பையனை எல்லார் முன்னாலும் இன்னொரு முறை தண்டிக்கிறோம். சில வெளிநாட்டு கிளப்கள் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டனை பெரியவருக்குத்தான்: இரண்டு ஆட்டத்துக்கு அவர் வரக்கூடாது, பிள்ளையை யாராவது கூட்டிவந்து கூட்டிப்போகட்டும், அதற்கு நீங்களே ஓர் ஏற்பாடும் செய்து கொடுங்கள்.

இதெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே சொல்லி வைத்தால்தான் எடுபடும். பாதியில் புதிதாக விதி போட்டால் “என்னைக் குறிவைத்துப் போட்டது” என்பார்கள், அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கும். முதல் பயிற்சி நாளிலேயே பெற்றோரை அரை மணி நேரம் உட்காரவைத்து, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, மீறினால் என்ன நடக்கும், யார் வந்து பேசுவார் என்பதை ஒரே தாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், எதிரணி நன்றாக ஆடினால் அதற்கும் தட்டலாம். எப்படி ஆடவேண்டும் என்று சொல்லக்கூடாது, நடுவரிடம் பேசக்கூடாது, மற்றவர் பிள்ளையைப் பற்றி எதுவுமே சொல்லக்கூடாது. இவ்வளவுதான், இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பெற்றோரைப் பொறுப்பாளராக நியமித்து, கண்ணில் படுகிற நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுங்கள். மேலாளரான நீங்கள் பெஞ்சைவிட்டு வரமுடியாது, பயிற்றுநரும் வரமுடியாது, அதனால்தான் தனி ஆள். எல்லாரும் முறைபோட்டுச் செய்யவேண்டும், அந்த இரண்டு மூன்று பேரும் உட்பட. ஒருமுறை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டால் அடுத்த வாரம் அவர்களே கொஞ்சம் அடங்கிப்போவதைப் பார்க்கலாம். பொறுப்பாளர் பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எதிரே போய் நிற்காமல் பக்கத்தில் போய் நிற்கவேண்டும், தாழ்ந்த குரலில், “அண்ணே, பையன் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கான், கொஞ்சம் விடுங்க” என்று சொன்னால் போதும். பத்தில் எட்டுப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள். இரண்டாவது முறை “இன்னொரு தடவைன்னா ஆட்டத்தை நிறுத்தவேண்டி வரும்” என்று சொல்லலாம். மூன்றாவது முறை பேச்சு இல்லை, மேசைக்குத் தகவல், ஆள் வெளியே.

எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 2008இல் ‘ரெஸ்பெக்ட்’ திட்டத்தைத் தொடங்கியபோது, பார்வையாளர்கள் கோட்டிலிருந்து தள்ளி நிற்பதற்குத் தடுப்பு கட்டுவதையும் அதில் சேர்த்தது. செங்காங்கிலோ டெல்டாவிலோ ஆடினாலும் சரி, பள்ளித் திடலில் ஆடினாலும் சரி, பெற்றோர் எல்லாரும் பெஞ்சுகளுக்கு எதிர்ப்பக்கம், கோட்டிலிருந்து சில அடி பின்னால், கோலுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே பாதிச் சத்தம் குறையும்.

பெரிதாக என்ன ஆகிவிடப்போகிறது என்று யாராவது கேட்டால், 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெடிங் என்ற ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி, போட்டிகூட இல்லை. ஆட்டம் முரட்டுத்தனமாகப் போகிறது என்று இரண்டு தந்தையருக்குள் வாய்ச்சண்டை, அப்புறம் கைகலப்பு, ஒருவர் அடிபட்டு இறந்தேபோனார், அவருடைய பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். அடித்தவருக்கு 2002இல் 6 முதல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்பா இல்லாமலே போனது, இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகளின் அப்பா சிறைக்குப் போனார்.

கேள்வி: எங்கள் அணியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பையன் கோலை விட்ட காணொளியைப் போட்டுச் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அவன் அம்மாவும் அதே குழுவில் இருக்கிறார்.
– தா. வி., தெம்பனிஸ்

பதில்: குழுவின் நிர்வாகி உடனே அதை அழிக்கவேண்டும். அழித்துவிட்டு “ஆட்டக் காணொளி பயிற்றுநரிடம் மட்டும்” என்று ஒரே வரி போட்டால் போதும், குழுவுக்குள்ளேயே விசாரணை நடத்தினால் அந்த அம்மாவுக்கு இரண்டாவது அவமானம். போட்டவரிடம் தனியாகத் தொலைபேசியில் பேசுங்கள். அந்த அம்மாவை நீங்களே அழையுங்கள், இன்றைக்கே. காணொளி குழுவைத் தாண்டி வெளியே போய், பையனின் பெயர், பள்ளி எல்லாம் சேர்த்துப் பரவுகிறது என்றால் விஷயம் வேறு. தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவதையும் மேலே சொன்ன தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு குற்றமாகச் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்குத் தெரியப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் பாடாங் திடலில் ஆடும்போது வாங்காத திட்டா? அதையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் நாங்கள் வளர்ந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறார்கள் என்பது என் கருத்து.
– ஒரு தாத்தா, தோ பாயோ

பதில்: ஐயா, உங்கள் தலைமுறை ஆடிய ஹாக்கிக்கு என் வணக்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஆண்கள் அணி ஆடி எட்டாம் இடம் பிடித்தது. தங்கம் வென்ற இந்தியா நம் அணி இருந்த அதே பிரிவில் ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0 என்று நொறுக்கியபோது நம்மவர்களை 6-0 என்ற கணக்கில்தான் வென்றது. ஹாக்கி, காற்பந்து, கிரிக்கெட், ரக்பி நான்கிலும் சிங்கப்பூருக்கு ஆடிய ஆறுமுகம் விஜயரத்தினம் அந்த அணியில் இருந்தவர், 2016இல் 94 வயதில் காலமானார். அவர்களையெல்லாம் நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் நீங்கள் வாங்கிய திட்டு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எதிரணிக்காரரிடமிருந்து, அல்லது பயிற்றுநரிடமிருந்து. பெற்ற அப்பா வேலியோரம் நின்று அறுபது நிமிடமும் குறை சொல்லிக்கொண்டிருந்தாரா? அன்று பல வீடுகளில் பிள்ளை எங்கே ஆடுகிறான் என்றே தெரியாது. இப்போதைய பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தாலும் திட்டு முடிவதில்லை, வீடு வரைக்கும் கூடவே வருகிறது. நீங்கள் ஒரு நாள் பேரனின் ஆட்டத்துக்குப் போய், பக்கத்தில் நிற்கும் இளம் பெற்றோரிடம் அந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர் கத்தமாட்டார்.

கேள்வி: என் மகன் கோல்கீப்பர். எதிரணிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கோலுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் நிறத்தையும் இனத்தையும் சொல்லிக் கேலி செய்தார். மகன் வீட்டுக்கு வந்துதான் சொன்னான்.
– பெயர் வேண்டாம், சுவா சூ காங்

பதில்: தலைக்கவசம் போட்டிருப்பதால் கோல்கீப்பருக்குக் காது கேட்காது என்று சிலர் நினைக்கிறார்கள். நன்றாகவே கேட்கும். மற்றப் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், அவன் ஒருவன்தான் நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

இதைச் சாதாரணக் கூச்சலோடு சேர்க்கவேண்டாம், “விடுப்பா, கண்டுக்காதே” என்றும் சொல்லவேண்டாம். சிங்கப்பூரில் இனத்தைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது போலிஸ்வரை போகக்கூடிய விஷயம். மகன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி, நாளைக் காலையே சிசிஏ ஆசிரியருக்கும் பள்ளி முதல்வருக்கும் அனுப்புங்கள். எதிரணிப் பள்ளியோடு பேசவேண்டியவர்கள் அவர்கள், நீங்களாகப் போய் அந்த ஆளைத் தேடவேண்டாம். இனி இப்படி நடந்தால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவேண்டாம், பந்து வெளியே போனதும் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடலாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் கோழை என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்பதை அவன் பயிற்றுநர் வாயாலும் கேட்கவேண்டும், அதற்கும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: மகன் தொடக்கநிலை 6. கிளப்பில் ஆடுகிறான், ஹாக்கியில் டிஎஸ்ஏ (நேரடிப் பள்ளிச் சேர்க்கை) போட நினைக்கிறோம். ஒரு பையனின் அப்பா மற்றப் பிள்ளைகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுகிறார், அவர் கோச்சுக்கு நெருக்கம். புகார் கொடுத்தால் மகனின் வாய்ப்புப் போய்விடுமோ என்று எல்லா அம்மாக்களும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.
– ஐந்து அம்மாக்கள் சார்பில், பிடோக்

பதில்: இந்தப் பயம் எத்தனை பேர் வாயை அடைத்து வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது அவன் சேர விரும்பும் உயர்நிலைப் பள்ளி. கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கிறீர்கள், தொடக்கப்பள்ளி அவனுடைய மதிப்பெண், சிசிஏ, நாப்ஃபா (உடலுறுதித் தேர்வு) விவரங்களைக் கொடுக்கிறது, அப்புறம் உயர்நிலைப் பள்ளி தன் திடலில் தானே ஆடவைத்தும் நேர்காணல் செய்தும் பார்த்து முடிவெடுக்கிறது. கிளப் பயிற்றுநரின் ஒரு சொல் உதவலாம், ஆனால் கதவின் சாவி அவர் கையில் இல்லை.

ஐந்து பேர் சேர்ந்து எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது மனக்கசப்பு, ஐந்து பேர் எழுதினால் அது தகவல். பயிற்றுநருக்கு எழுதவேண்டாம், கிளப்பின் செயற்குழுவுக்கு எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பிள்ளையிடம், என்ன சொன்னார் என்பது மட்டும் இருக்கட்டும். அவர் எப்படிப்பட்டவர், ஏன் அப்படி என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். பயிற்றுநரே இதற்குத் துணைபோகிறார், அல்லது புகார் கொடுத்த பிறகு பிள்ளைகளை ஒதுக்குகிறார் என்றால், விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தலையும் தவறான நடத்தையையும் விசாரிக்க அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரில் ‘சேஃப் ஸ்போர்ட்’ ஆணையம் இருக்கிறது, அங்கே போங்கள். டிஎஸ்ஏ விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்தில் திறந்து ஜூன் தொடக்கத்தில் மூடிவிடும், அதற்காகக் காத்திருந்து கடிதத்தைத் தள்ளிப்போடவேண்டாம். இந்த வாரமே அனுப்புங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.